பந்தெறியும் இளைஞர் பக்குவம் பெற்றுவிட்டாரா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடைக்காலம் பேஸ்பால் காலமாகும். நம் நாட்டில் கிரிக்கெட்டிற்கு உள்ள செல்வாக்கு அங்கே இவ்வாட்டத்திற்கு உண்டு. இதன் வெற்றி தோல்வி பெரிதும் பிட்சர் எனப்படும் பந்தெறிபவரின் கையிலேயே இருக்கிறது. ஆதலின் அங்குள்ள ஆட்டக் கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றன. கீழ்நிலை அரங்கில் பயின்றுவரும் இந்த இளைஞரை மேஜர் லீக் எனப்படும் தலைமை அரங்கிற்கு இப்போதே அனுப்பலாமா, அன்றி இன்னும் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டுமா? கேள்வி எளியது; விடை எளிதன்று. விடை தவறினால் கழகத்திற்குப் பொருள் நட்டம் ஏற்படும். அதனினும் மேலாக, ஓர் இளைஞரின் தோளும் முழங்கையும் எதிர்காலமும் பாழாவதுண்டு. இவ்விடையைக் காண்பதில் அளவுக் கருவிகளும் புள்ளியியலும் உடலியலும் எவ்வளவு தூரம் துணை செய்கின்றன, எங்கே மனிதனின் நிதானத்திற்கு இடம் விடுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

பந்தெறிபவர் நிற்கும் மேட்டிற்கும் மட்டைக்காரர் நிற்கும் தளத்திற்கும் இடையேயுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். 1893-ஆம் ஆண்டிலிருந்து இத்தூரம் மாறவில்லை. பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ் வரை இருக்கும். கிரிக்கெட்டில் முழங்கையை நிமிர்த்திப் பந்து வீச வேண்டும்; பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும். பேஸ்பாலிலோ முழங்கையை மடக்கி எறிவதே முறை. பந்து தரையைத் தொடாமல் நேரே மட்டைக்காரரிடம் செல்லும். தளத்தின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் பந்து செல்லுமானால் அது ஸ்ட்ரைக் எனப்படும். மட்டைக்காரர் வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக்கே. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் ஆட்டமிழப்பார், இதுவே ஸ்ட்ரைக்அவுட். அவர் மட்டை வீசாதிருக்க, பந்து நான்கு முறை அவ்வெளிக்குப் புறம்பே சென்றுவிட்டால் அவர் முதல் தளத்திற்கு இலவசமாக நடந்து செல்வார். இது வாக் எனப்படும். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸில் ஒரு பக்கத்தாரின் முறை முடியும். ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ்.

மணிக்கு 95 மைல் வேகத்தில் விடப்பட்ட பந்து ஏறத்தாழ 0.4 வினாடியில் தளத்தை அடைகிறது. மட்டையை வீசுவதற்கே சுமார் 0.15 வினாடி செல்லும். ஆகவே பந்தைக் கண்டு, அதன் வகையை அறிந்து, வீசுவதா விடுவதா எனத் தீர்மானிக்க மட்டைக்காரருக்கு எஞ்சுவது கால் வினாடியே. இக்கால் வினாடிக்குள் அவரைக் குழப்புவதே பந்தெறிபவரின் கலையாகும்.

மேஜர் லீக்கில் 30 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடும். ஒவ்வொரு கழகத்தின் கீழும் மைனர் லீக் எனப்படும் பயிற்சி அரங்கில், 2021-ஆம் ஆண்டு முதல், நான்கு படிகளில் நான்கு அணிகள் இயங்கி வருகின்றன. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்பன அப்படிகளின் பெயர்கள். நாற்றங்காலிலிருந்து வயலுக்குச் செல்லும் பயிரைப் போல இளைஞர்கள் இப்படிகளில் ஏறி வருகின்றனர். நாற்றைப் பறிக்கும் நாளை அறிவது எத்துணை முக்கியம் என்பதைக் களப்பணியாளர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

ஓர் இரவின் பாடம்

1973-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் என்னும் கழகம் தோல்விமேல் தோல்வி கண்டு, பார்வையாளர் குறைந்து, நலிவுற்றிருந்தது. அவ்வாண்டு புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் முதல் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. ஹூஸ்டன் நகரில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற டேவிட் கிளைடு என்ற பதினெட்டு வயது இடக்கை இளைஞரை அக்கழகம் தேர்ந்தெடுத்தது. பள்ளி ஆட்டங்களில் அவர் நிகரற்று விளங்கியவர். மைனர் லீக்கின் ஒரு படியையும் மிதியாமல், பள்ளிப் படிப்பு முடிந்த சில வாரங்களுக்குள், ஜூன் 27 அன்று அவர் மேஜர் லீக் மேட்டில் நிறுத்தப்பட்டார். முப்பத்தையாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். அரங்கம் நிரம்பி வழிந்தது.

முதல் இருவருக்கு வாக் கொடுத்த கிளைடு, அடுத்த மூவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஐந்து இன்னிங்ஸ்கள் எறிந்தார், எதிரணி அடித்துப் பெற்ற வெற்றியடி ஒன்றே, எண்மர் ஸ்ட்ரைக்அவுட். ரேஞ்சர்ஸ் வென்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆயினும் அன்றைய ஏட்டில் மற்றோர் எண்ணும் இருந்தது. அந்த ஐந்து இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக் ஏழு. வெற்றியைக் கண்டவர் பலர். ஏழு என்ற எண்ணைக் கண்டவர் சிலர்.

ஓரிரு ஆட்டங்களுக்குப் பின் அவரை மைனர் லீக்கிற்கு அனுப்பிப் பக்குவப்படுத்த வேண்டுமென்பது அணியின் மேலாளர் ஒயிட்டி ஹெர்சாக்கின் கருத்து. ஆனால் நுழைவுச் சீட்டு விற்பனையே முந்திக்கொண்டது. கிளைடு மேலரங்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டார். அவ்வாண்டு அவர் கண்டது நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. பின்னர் தோளில் நோய் கண்டு அறுவை செய்துகொண்டார். 1979-ஆம் ஆண்டோடு அவருடைய மேஜர் லீக் வாழ்வு முடிந்தது. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

வேகம் மட்டும் போதுமா?

வேகம் எளிதில் அளக்கப்படுவது. ஆகவே எளிதில் மயக்குவதுமாகும். ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. 1957 முதல் 1965 வரை மைனர் லீக்கில் எறிந்த இவரைக் காட்டிலும் வேகமாக எறிந்தவரைத் தாம் கண்டதில்லை என்று சாட்சி பகர்ந்த ஆட்டக்காரர் பலர். 1960-ஆம் ஆண்டில் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸ் எறிந்து 262 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அதே ஆண்டில் அவர் கொடுத்த வாக்கும் 262. 1962-இல் எல்மைரா அணியில் எர்ல் வீவர் என்ற மேலாளர், அவருக்குக் கற்பிப்பனவற்றைக் குறைத்து எளிமையாக்கினார். வாக் 160 இன்னிங்ஸில் 114-ஆகக் குறைந்தது. மறு ஆண்டு மேலரங்கம் அழைக்கும் தருணத்தில், பயிற்சிக் காலத்திலேயே முழங்கையில் காயமுற்றார். மேஜர் லீக்கில் அவர் ஒரு பந்தும் எறிந்ததில்லை.

நம் நாட்டிற்கும் இதில் ஒரு பங்குண்டு. 2008-இல் அமெரிக்கர் சிலர் இந்தியாவில் வேகமாகவும் குறியாகவும் பந்தெறியும் போட்டி ஒன்றை நடத்தினர். ஈட்டி எறிவதில் பயிற்சி பெற்றிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் உத்தரப் பிரதேச இளைஞர் இருவர் அதில் முன்னணியில் நின்றனர். அமெரிக்கா சென்று சில மாதங்கள் பயின்றபின் அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். முன்பின் அறியாத ஆட்டத்தில் மைனர் லீக் மேடேறியது பெருமைக்குரியதே. எனினும் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. தோளின் வலிமை வாயிலைத் திறக்கும். உள்ளே நெடுநாள் நிலைபெற வேறு சிலவும் வேண்டும்.

வேண்டும் அவ்வேறு சில

ஸ்கவுட் எனப்படும் தேர்வாளர்கள் ஓர் இளைஞரின் திறன்கள் ஒவ்வொன்றிற்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகின்றனர். 50 என்பது மேஜர் லீக்கின் நடுத்தரம். வேகப்பந்து, வளைபந்து, பக்கவாட்டில் நழுவும் ஸ்லைடர், வேகம் குறைந்த சேஞ்சப் ஆகியவற்றிற்குத் தனித்தனி மதிப்பெண். குறித்த இடத்தில் எறியும் அடக்கத்திற்கும் ஒரு மதிப்பெண்.

பந்து வளைவதற்குக் காரணம் அதன் சுழற்சி. கீழ்ப்புறம் முன்னோக்கியும் மேற்புறம் பின்னோக்கியும் சுழலும் வேகப்பந்தைக் காற்று மேல்நோக்கித் தாங்குகிறது. ஆதலின் அது மட்டைக்காரர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத் தாழ்கிறது. இதற்கு எதிர்த்திசையில் சுழலும் வளைபந்து விரைந்து தாழ்கிறது. மாக்னஸ் விளைவு எனப் பௌதிக நூல்கள் கூறுவது இதுவே. சேஞ்சப்பின் தந்திரம் வேறு. கை அசைவு வேகப்பந்தினதே. வேகம் மட்டும் மணிக்குப் பத்து மைல் அளவிற்குக் குறைவு. இதனால் பந்து வினாடியின் இருபதில் ஒரு பங்கு தாமதித்து வரும். மட்டை வீச்சில் வினாடியின் நூறில் ஒரு பங்கு பிழைத்தாலே பந்து எல்லைக்கோட்டிற்கு வெளியே போய்விடும். ஆகவே இச்சிறு தாமதம் பெரிய ஆயுதமாகிறது.

வேகப்பந்து ஒன்றை மட்டும் கொண்டு கீழ்ப்படிகளில் வென்றுவிடலாம். மேலரங்கில் ஒரே ஆட்டத்தில் அதே ஒன்பது மட்டைக்காரர்களையும் இரண்டு அல்லது மூன்று முறை சந்திக்க வேண்டும். மூன்றாம் முறை சந்திக்கையில் மட்டைக்காரர் அதிகம் வெற்றி பெறுகின்றனர் என்பது ஏடுகளிலிருந்து தெளிவாகியுள்ளது. எனவே தேர்வாளர் கேட்பது, இவரிடம் நம்பத்தக்க இரண்டாவது, மூன்றாவது எறிவகைகள் உண்டா என்பது. நாற்பதாம் பந்தை எறிகையிலும் எண்பதாம் பந்தை எறிகையிலும் கால் வைப்பும் கை உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் அவர்கள் கூர்ந்து நோக்குகின்றனர். களைப்பில் அசைவு கலையுமானால் குறியும் கலையும், காயமும் அணுகும்.

2008-ஆம் ஆண்டளவில் மேஜர் லீக் அரங்குகள் யாவற்றிலும் பந்தின் பாதையை அளக்கும் படக்கருவிகள் அமைக்கப்பட்டன. 2015-இல் ராடார் முறையும் சேர்ந்தது. பந்தின் வேகம், சுழற்சி, கையைவிட்டு நீங்கிய இடம், வளைந்த அளவு ஆகிய அனைத்தும் உடனுக்குடன் பதிவாகின்றன. முன்னாளில் கண்ணால் கணித்ததை இன்று அங்குலக் கணக்கில் கூறலாம். ஆனால் முப்பதாயிரம் பேர் முழக்கமிடும்போது அவ்வளைவு கைகொடுக்குமா என்பதை எக்கருவியும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எண்கள் கூறுவதும் கூறாததும்

பந்தெறிபவரின் வெற்றி தோல்விக் கணக்கே பொதுமக்கள் முதலில் பார்ப்பது. அது மிகவும் நம்பத்தகாதது. தம் அணியினர் ஓட்டங்கள் எடுக்காவிடில் நன்கு எறிந்தவரும் தோற்பார். அடுத்து, ஒன்பது இன்னிங்ஸிற்கு அவர் தம் எறிதலால் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி. இதுவும் குறுகிய காலத்தில் ஏமாற்றும். மட்டையில் பட்டு ஆடுகளத்திற்குள் செல்லும் பந்துகளில் பத்தில் மூன்று வெற்றியடியாகும், எஞ்சியவை தடுக்கப்பட்டுவிடும். இவ்விகிதத்தைப் பந்தெறிபவர் தம் விருப்பப்படி மாற்றுவது மிகவும் அரிது என்பதை 2001-இல் வாரஸ் மெக்ராக்கன் என்பவர் எடுத்துக்காட்டினார். தடுப்போரின் திறமையும் தற்செயலும் அதில் பெரும் பங்கு கொள்கின்றன. ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் அவ்வாறல்ல. அவற்றில் தடுப்போர்க்கு வேலையில்லை. ஆகவே பந்தெறிபவரின் சொந்தத் திறனை விரைவில் வெளிப்படுத்துவன இவ்விரண்டுமே.

விரைவில் என்றாலும் உடனே அன்று. ஓர் உதாரணம் காண்போம். நால்வரில் ஒருவரை ஸ்ட்ரைக்அவுட் செய்யும் இயல்புடைய ஒருவர் ஐந்து ஆட்டங்களில் 125 மட்டைக்காரர்களைச் சந்திப்பதாகக் கொள்வோம். சராசரியாக 31 பேர் ஸ்ட்ரைக்அவுட் ஆக வேண்டும். ஆயினும் தற்செயலின் விளைவாக அவ்வெண் 26-க்கும் 36-க்கும் இடையே அலைவது மிகவும் சாதாரணம்; இவ்வெல்லையையும் சில வேளை கடக்கும். திறமையில் அணுவளவும் மாற்றமில்லாத ஒருவர், ஒரு மாதம் சிறந்தவராகவும் மறு மாதம் தேய்ந்தவராகவும் தோன்றுவது இதனால்தான். ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவனை அளந்துவிடாத ஆசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

எண் பிறந்த இடத்தையும் நோக்க வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ள அல்புகெர்க்கி போன்ற நகரங்களில் காற்று மெலிந்திருக்கும். அங்கே பந்து குறைவாக வளையும். அடித்தால் நெடுந்தூரம் பறக்கும். அவ்விடத்துச் சராசரியைத் தாழ்நில நகரத்துச் சராசரியோடு அப்படியே ஒப்பிடுதல் தவறு. இருபது வயதில் டபுள்-ஏ படியில் தடுமாறுபவரும் இருபத்தாறு வயதில் அதே படியில் விளங்குபவரும் எண்ணளவில் கொள்ளத்தக்கவரல்லர். வளர இடமுள்ளவர் முன்னவரே.

முழங்கை என்னும் எல்லை

முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் நார் ஒன்றுண்டு. ஒவ்வோர் எறிதலிலும் அது கடுமையாக இழுக்கப்படுகிறது. நாளடைவில் அது நைந்து அறுந்துபோவதுண்டு. 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் பிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற இடக்கைப் பந்தெறிபவருக்கு அவருடைய வலக்கை நாண் ஒன்றை எடுத்து இடமுழங்கையில் பொருத்தினார். 1976-இல் ஆட்டத்திற்குத் திரும்பிய ஜான், 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் கிட்டியவை. எனினும் இச்சிகிச்சையிலிருந்து தேறப் பொதுவாக ஓராண்டிற்கு மேல் ஆகும். எல்லோரும் பழைய நிலையை அடைவதில்லை.

2008-இல் மணிக்கு 91 மைலளவாக இருந்த மேஜர் லீக் வேகப்பந்தின் சராசரி, 2024-இல் 94 மைலைத் தாண்டியது. காயங்கள் பெருகியதற்கு மிகுவேக நாட்டமும் ஒவ்வொரு பந்தையும் முழுவலிமையுடன் எறியும் பழக்கமும் முக்கிய காரணங்கள் என மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறியது. மேலரங்கிற்குச் செல்லத் துடிக்கும் இளைஞரே இவ்வபாயத்திற்கு அதிகம் உள்ளாகிறார். வேகமே தம்மை மேலேற்றும் என அவர் அறிந்திருப்பதே காரணம். ஆகவே சென்ற ஆண்டு நூறு இன்னிங்ஸ் எறிந்தவரை இவ்வாண்டு இருநூறு எறியச் செய்யாமல் படிப்படியாகச் சுமையைக் கூட்டும் வழக்கத்தைக் கழகங்கள் கைக்கொண்டுள்ளன.

திறனல்லாத காரணங்கள்

பக்குவத்தோடு தொடர்பில்லாத காரணங்களும் முடிவில் குறுக்கிடுகின்றன. 1950-களில் ஒரு விதி இருந்தது. குறித்த தொகைக்கு மேல் ஊக்கப் பணம் பெற்ற புதியவரை இரண்டாண்டுகள் மேலரங்கிலேயே வைத்திருக்க வேண்டும். இவ்விதியால் பத்தொன்பது வயது சாண்டி கோபாக்ஸ் 1955-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்து, பயிலவும் வழியின்றி, அதிகம் எறியவும் வாய்ப்பின்றிப் பெரும்பாலும் அமர்ந்திருந்தார். முதல் ஆறாண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியில், முழு வலிமையையும் செலுத்தாமல் சற்றுத் தளர்த்தி எறியுமாறு அவருடைய பந்தைப் பிடிக்கும் நார்ம் ஷெர்ரி யோசனை கூறினார். அடக்கம் கைவந்தது. 1962 முதல் 1966 வரை ஐந்தாண்டுகளும் ஓட்டச் சராசரியில் அவரே தம் லீக்கில் முதல்வர். ஆயினும் முழங்கை மூட்டு வாதத்தால் முப்பது வயதிலேயே விலக நேர்ந்தது.

இக்காலத்தில் விதி எதிர்த்திசையில் இழுக்கிறது. ஆட்டக்காரர் ஆறு முழு ஆண்டுகள் மேலரங்கில் பணியாற்றினால் விரும்பிய கழகத்திற்குச் செல்லும் உரிமை பெறுவார். 172 நாட்கள் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். சில வாரங்கள் தாமதித்து அழைத்தால் மேலும் ஓராண்டு அவரைக் கழகம் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ‘இன்னும் பக்குவம் போதாது’ என்ற சொல் கழகத்தின் வாயிலிருந்து வரும்போது, பேசுவது தேர்வாளரா கணக்கரா என்ற ஐயம் எழுவது இயல்பு.

திரும்பிச் செல்வது இழுக்கன்று

முடிவு தவறிவிட்டால் திருத்துவதற்கும் வழியுண்டு. டொரான்டோ அணியின் ராய் ஹாலடே இளமையிலேயே மேலரங்கில் ஒளி வீசியவர். 2000-ஆம் ஆண்டில் அவருடைய ஓட்டச் சராசரி 10.64 என்னும் பேரிழிவை எய்தியது. மறு ஆண்டு கழகம் அவரை அடிப்படிகளுள் ஒன்றான டனீடன் அணிக்கு அனுப்பியது. மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவருடைய கை உயரத்தைத் தாழ்த்தி, எறியும் அசைவை முற்றிலும் மாற்றியமைத்தார். அதே ஆண்டிலேயே மேலரங்கிற்குத் திரும்பிய ஹாலடே, 2003-இலும் 2010-இலும் சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருதைப் பெற்றார். கிளைடுக்கு மறுக்கப்பட்டது இத்தகைய அவகாசமே.

அண்மைக் காலத்துச் சான்று

2023-இல் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பால் ஸ்கீன்ஸ், மணிக்கு நூறு மைல் எறிய வல்லவர். பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தவராதலின் கிளைடைவிட வயதில் மூத்தவர். ஆயினும் பிட்ஸ்பர்க் கழகம் அவரை 2024-இன் தொடக்கத்தில் டிரிபிள்-ஏ அணியில் நிறுத்தியது. குறைந்த இன்னிங்ஸில் தொடங்கி ஆட்டத்திற்கு ஆட்டம் சுமையைக் கூட்டியது. ஏழு ஆட்டங்களில் 27⅓ இன்னிங்ஸ் எறிந்து 45 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். வாக் எட்டு மட்டுமே. இவ்வெட்டையும் கிளைடின் ஓர் இரவு ஏழையும் அருகருகே வைத்து நோக்குக. மே 11 அன்று மேலரங்கில் நுழைந்த ஸ்கீன்ஸ், அவ்வாண்டின் சிறந்த புதியவராகத் தம் லீக்கில் தேர்வு பெற்றார். 2025-இல் சை யங் விருதும் கிட்டியது. அவ்வாண்டு அவருடைய கணக்கு பத்து வெற்றி, பத்துத் தோல்வி! வெற்றி தோல்வியைக் கொண்டு அளப்பவர் அவரை நடுத்தரமானவர் என்றே கூறியிருப்பர்.

முடிவாக

பக்குவம் என்பது ஒரே எண்ணில் அடங்குவதன்று. குறியடக்கம் உண்டா, வேகப்பந்து பொய்த்த நாளில் கைகொடுக்க மற்றோர் எறிவகை உண்டா, களைப்பிலும் அசைவு மாறாதிருக்கிறதா, சுமையைத் தோளும் முழங்கையும் தாங்குமா, தோற்றபின் மீண்டும் கற்கும் மனமுண்டா என்னும் கேள்விகளைத் தனித்தனியே கேட்டு, விடைகளைச் சேர்த்து எடை போட வேண்டும். அவ்வாறு எடை போட்ட பின்னரும் சிறிது ஐயம் எஞ்சவே செய்யும். அந்த ஐயத்தின் பளுவை யார் தாங்குவது என்பதே இறுதிக் கேள்வி. 1973-இல் அரங்கம் நிரம்பிய இரவின் வருமானம் கழகத்தைச் சேர்ந்தது. அதன் விலையைச் செலுத்தியவர் பதினெட்டு வயது இளைஞர். இளையோரை அடுத்த படிக்கு அனுப்பும் பொறுப்புடையோர் எவராயினும், கையெழுத்திடுமுன் இவ்வொரு கணக்கை மட்டும் மறவாமல் பார்த்துக்கொள்வது நலம்.